மாப்பிள்ளை வீடு கீழே

ஜூலை 24

அப்பா இன்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். என் கல்யாணப் பத்திரிகையை நானே வெப் பக்கமாகச் செய்ய வேண்டுமாம். அச்சடித்த பத்திரிகை தனியாக வருகிறது, அது வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பதற்கு. இது வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு. "என்ர மகளே செஞ்சதுன்னு சொன்னா அது ஒரு கெத்துதானுங்க" என்று காலையிலிருந்து போனில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் வேலையைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்தது, "வாணி கம்ப்யூட்டர்ல படம் போடறா" என்பதுதான். கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு சின்ன ஆபீஸில் வெப் பக்கம் வடிவமைக்கிறேன். பல்லடத்திலிருந்து தினமும் பஸ். ஒரே பக்கம் பெரிய மானிட்டரிலும் ஒழுங்காக நிற்க வேண்டும், உள்ளங்கை அகலப் போனிலும் நிற்க வேண்டும். ஆளுக்கொரு பிரவுசர் வைத்திருப்பார்கள், எதிலும் கலையக் கூடாது. ஒரே ஜாக்கெட்டைத் தைத்து அக்கா, அத்தை, அம்மா மூன்று பேருக்கும் பொருத்துகிற மாதிரி. பொருந்தாவிட்டால் திட்டு எனக்கு.

மாப்பிள்ளை பெயர் பூபதி. உடுமலையில் செல்போன் ரிப்பேர் கடை. ஜாதகம் பொருந்தியது, தென்னந்தோப்பு பொருந்தியது, ஆனியில் நிச்சயமும் முடிந்தது. அன்று அவர் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "காபி ஆறிப் போகுதுங்க." அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 'உனக்குச் சம்மதமா' என்று இந்த வீட்டில் ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை, அதுதான் கோபம். நிச்சயத் தட்டைத் தூக்கி வந்த அத்தையிடம்கூட "கனக்குதா?" என்று கேட்டார்கள்.

பத்திரிகை செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உடனே ஒத்துக்கொண்டதில் அம்மாவுக்குக் கொஞ்சம் சந்தேகம்.

ஜூலை 26

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை யாரும் படிப்பதில்லை. அடியில் வரும் உறவுக்காரர் பட்டியலைத்தான் படிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம். தாய்மாமன் எந்த வரியில் இருக்கிறார், யார் பெயர் விட்டுப்போனது என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். பெரியப்பா மகன் கல்யாணத்தில் ஒரு சித்தப்பாவின் பெயர் அட்டை மடிப்பில் மாட்டிக்கொண்டது. அவர் இன்றைக்கும் பெரியப்பா தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார்.

பெரிய ஸ்கிரீனில் பிரச்சினையே இல்லை. இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம். போனில் அகலம் போதாது. ஒரு பட்டியல் மேலே, இன்னொன்று கீழே என்றுதான் அடுக்க முடியும். யார் மேலே, யார் கீழே என்பது நான் எழுதும் ஒரு வரியில் இருக்கிறது.

எழுதிவிட்டேன். போனில் பார்த்தால் கோகிலவாணி என்ற என் முழுப் பெயர் மேலே, பூபதி பெயர் கீழே. என் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பட்டம் பதவியோடு வந்து முடிந்த பிறகு, கடைசியில் மாப்பிள்ளை வீடு. அதிலும் அவருடைய தாய்மாமன் திருமூர்த்தி மாமாவை 'மேலும்' என்ற பட்டனுக்குள் அடைத்துவிட்டேன். அதைத் தொட்டால்தான் வெளியே வருவார். நிச்சயத்தன்று இலையைக் கோணலாகப் போட்டார்கள் என்று பந்தியை விட்டு எழுந்த மனுஷன் அவர்.

பார்த்ததும் சண்டை வரும். சண்டை முற்றினால் கல்யாணம் நிற்கும். என்னை யார் குறை சொல்ல முடியும்? ஸ்கிரீன் சின்னது.

சாயங்காலம் அம்மாவோடு பிளவுஸுக்கு அளவு கொடுக்கப் போனேன். தையல்கார அக்கா, "கல்யாணக் களை வந்துருச்சு" என்றார்.

ஜூலை 30

சம்பந்தி வீட்டிலிருந்து பூபதியின் அப்பாவும் திருமூர்த்தி மாமாவும் வந்தார்கள். ஆடியில் பத்திரிகையை வெளியே விடக் கூடாது, பார்த்து வைத்துக்கொள்ளலாமாம். கோழிப் பண்ணை ஆபீஸில் அப்பா வைத்திருக்கும் பெரிய மானிட்டரில் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

திருமூர்த்தி மாமா தோளில் இருந்த துண்டை எடுத்தார். நீளமாக மடித்தார். மானிட்டரின் குறுக்கே பிடித்து, தன் பெயரும் என் தாய்மாமன் பெயரும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். கொத்தனார் ரசமட்டம் பிடிக்கிற கவனம் அந்த முகத்தில்.

"மட்டம் சரியா இருக்குதுங்க" என்றார்.

"நம்ம புள்ள செஞ்சதுங்க, தப்பு வருமுங்களா?" என்றார் அப்பா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சுட்ட வெல்லக் கச்சாயம் நன்றாக வந்திருந்தது, மாமா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 31

பூபதியிடமிருந்து முதல் மெசேஜ்: "லிங்க் அனுப்புங்க. கடையில கெடக்கற போன்ல எல்லாம் தெறந்து பாத்துச் சொல்றனுங்க." போனில் திறந்தால் என் வேலை வெளிப்பட்டுவிடும். பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 3

அனுப்பாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று அனுப்பிவிட்டேன். மதியம் ஒரு போட்டோ வந்தது.

கடைக் கண்ணாடி மேஜை முழுக்கப் போன்கள். கண்ணாடி விரிசல் விட்டது, பட்டன் வைத்தது, மூலை கருகியது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது, டேப்லெட், மடக்குகிற போன். எல்லாவற்றிலும் என் பக்கம். எங்கள் ஆபீஸில் சோதனை செய்ய நான்கு போன்கள் இருக்கின்றன, அதில் ஒன்றுக்காகத் தினமும் சண்டை போட்டுக்கொள்கிறோம். அந்த மேஜையை நான் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதப்போவதில்லை.

பின்னாலேயே தவறுகளும் வந்தன. ஒரு பழைய பிரவுசரில் பிள்ளையார் நகர்ந்து என் அப்பா பெயர் மேல் உட்கார்ந்திருக்கிறார். எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டால் முகூர்த்த நேரம் பாதியில் வெட்டுப்படுகிறது. டேப்லெட்டைப் படுக்க வைத்தால் மண்டபத்தின் மேப் காணாமல் போகிறது.

மாப்பிள்ளை வீடு கீழே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவனிக்கவில்லையா, கவனித்தும் சொல்லவில்லையா?

ஆகஸ்ட் 7

பிள்ளையாரை அவர் இடத்தில் உட்கார வைத்தேன். முகூர்த்த நேரமும் சரி. பூபதியோடு போனில் பேச வேண்டியிருந்தது, முழுக்க முழுக்க வேலை விஷயம்.

"எழுத்து பெருசாக்கிப் பாக்கறது ரொம்ப முக்கியமுங்க" என்றார். "எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு போனை வாங்குனதும் கேக்கறது அதானுங்க, எழுத்தைப் பெருசு பண்ணிக் குடுன்னு. அவங்க தெறக்கற பக்கமெல்லாம் ஒடைஞ்சுதான் வருது. அவங்க கண்ணு மேலதான் தப்புன்னு நெனச்சுக்கறாங்க."

இதைத்தான் ஆபீஸில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன், ஒருத்தரும் காதில் வாங்குவதில்லை. அவர் சொன்னதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

போனை வைத்ததும் அம்மா, "வேலை விசயம் பேசறதுக்கு எதுக்கு அம்மணி பொட்டை மாத்தி வெச்ச?" என்றாள். அது பழைய பொட்டு, கோந்து போய்விட்டது.

ஆகஸ்ட் 12

பட்டுப்புடவை எடுத்தாயிற்று. ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த ஒரு வரியை மாற்றிவிடலாமா என்று தோன்றுகிறது. அவருக்காக இல்லை. ஒரு வயசானவரைப் பட்டனுக்குள் அடைத்து வைப்பது நல்ல வடிவமைப்பு இல்லை. ஆவணி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. வாரக் கடைசி வந்தது, போனது, நான் பூபதியோடு டேப்லெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.

விடிந்ததும் அப்பா குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, எல்லா குரூப்புக்கும் லிங்க்கை அனுப்பிவிட்டார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இட்லி வேகும் முன்னால் திருமூர்த்தி மாமாவின் போன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார், வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து.

"ஏனுங்க, என்ர அக்கா குடும்பம் என்ன உங்க கால்மாட்டுலயா கெடக்கோணும்? என்ர பேரையே காணோமுங்களே! நான் செத்துப்போயிட்டனா?"

"என்னங்க சொல்றீங்க? நீங்கதான துண்டைப் புடிச்சு மட்டம் பாத்தீங்க?"

"அன்னைக்கு ஒண்ணைக் காட்டிட்டு இன்னைக்கு ஒண்ணை அனுப்பியிருக்கீங்க!"

அப்பா போனும் கையுமாகப் பண்ணைக்கு ஓடி மானிட்டரைப் போட்டுப் பார்த்தார். இரண்டு வீடும் சமமாக, மட்டம் பிசகாமல் இருந்தது. "கண்ணு முன்னால சரியா இருக்கறதத் தப்புங்கறாரு, குடிச்சிருக்காரா அந்தாளு?" என்றார். அது ஸ்பீக்கரில் போய்விட்டது.

மத்தியானத்துக்குள் முடிந்தது. மாமா கல்யாணத்துக்கு வர மாட்டார். தாய்மாமன் வராமல் மாப்பிள்ளைக்குச் சீர் செய்ய முடியாது. பூபதியின் அம்மா அழுகிறாராம். தம்பி மனசு மாறாவிட்டால் கல்யாணத்தையே யோசிக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தேன். அரிசிம்பருப்புச் சோற்றில் அம்மா உப்பே போடவில்லை, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பின்குறிப்பு: உப்பு சரியாகத்தான் இருந்தது என்று அப்பா சொல்கிறார்.

ஆகஸ்ட் 18

காலையிலேயே மாற்றினேன். மாப்பிள்ளை வீடு மேலே, பெண் வீடு கீழே. திருமூர்த்தி மாமாவைப் பட்டனிலிருந்து விடுதலை செய்து முதல் வரியில் வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு காபி குடித்தேன்.

அப்பா அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தார். "பொண்ணைப் பெத்தவன்னா கீழதான் கெடக்கோணுமா?" என்று ஆரம்பித்தார். சரி, அவருக்குப் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால், மாமா மறுபடியும் கூப்பிட்டார். அவர் போனில் பழைய பக்கமே வருகிறது. ஒருமுறை திறந்த பக்கத்தைப் பிரவுசர் பத்திரமாகச் சேமித்து வைத்துக்கொள்ளும், திரும்பத் திறந்தால் சில சமயம் அதையே எடுத்து நீட்டும். மாமாவின் போன் என் குற்றத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஆக, இந்த நிமிஷம் மாமா தன் போனைப் பார்த்து, "நாங்க கீழ" என்று கத்துகிறார். அப்பா அம்மா போனைப் பார்த்து, "நாங்கதான் கீழ" என்று கத்துகிறார். இரண்டு பேர் சொல்வதும் சத்தியம். இத்தனை வருஷ வேலையில் ஒரே பக்கத்தில் இரண்டு வீட்டையும் ஒரே நேரத்தில் கீழே தள்ளிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சிரிப்பு வந்தது. அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 19

ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் பூபதி கூப்பிட்டார். மாடிக்குப் போய்ப் பேசினேன்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. வேணும்னேதான எங்க வீட்டைக் கீழ போட்டீங்க?"

நான் மாடிச் சுவரில் உரிந்த பெயின்ட்டைச் சுரண்டினேன்.

"மொத நாளே தெரியுமுங்க. ஒரு போன்ல தப்பா வந்தா அந்தப் போன் கோளாறு. அத்தனை போன்லயும் ஒரே மாதிரி வந்தா அது தப்பில்லீங்க, யாரோ முடிவு பண்ணுனது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலைங்க?"

"சொன்னா நீங்க மாத்திருவீங்க. அப்புறம் என்னத்தைச் சாக்கு வெச்சுப் போன் பண்றது?" கடையில் யாரையோ காத்திருக்கச் சொன்னார். "அன்னைக்கு நிச்சயத்துல உங்க மூஞ்சியப் பாத்தேன். கேக்கோணும்னு நெனச்சேன், காபியப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன். இப்பக் கேக்கறேன். உங்களுக்கு இந்தக் கல்யாணம் வேணுமுங்களா? வேண்டாம்னா நானே எங்க வீட்ல சொல்லி நிறுத்திர்றேன், உங்க மேல ஒரு பேச்சு வராது."

மாடியில் வெயில் கொளுத்தியது. ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லி இரண்டு மாசமாக நான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அதை ஒருத்தர் கேட்டே விட்டார்.

"நாளைக்குள்ள சரி பண்ணிர்றனுங்க" என்றேன்.

"பக்கத்தையா?"

"எல்லாத்தையுந்தான்."

வைத்துவிட்டேன். கீழே வந்தால் என் சாப்பாட்டு டப்பாவை யாரோ எடுத்துச் சாப்பிட்டிருந்தார்கள். கோபமே வரவில்லை.

ஆகஸ்ட் 20

சொல்லிவிட்டேனே தவிர வழி தெரியவில்லை. சின்ன எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், பெரிய எழுத்து வைத்திருக்கும் மாமாவுக்குத் 'திருமூர்' ஒரு வரி, 'த்தி' ஒரு வரி. திறக்கத் திறக்க மேலும் கீழும் மாறுகிற மாதிரி செய்தால், இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து போனை ஒப்பிடும் நாளில் என் கதை முடிந்தது.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே முணுமுணுத்தாள். "அதுக்குத்தான் ரெண்டு பத்திரிக்கை அடிப்பாங்க. அவிக பேரை மேல போட்டு அவிக ஒண்ணு, நம்ம பேரை மேல போட்டு நாம ஒண்ணு. அடுத்த வீட்டுப் பத்திரிக்கையை எவன் படிக்கறான்?"

அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். துருவல் முழுக்கக் கொட்டிவிட்டது.

இப்போது போனில் திறந்தால் பட்டியலே தெரியாது. சமமாக இரண்டு பட்டன்கள் மட்டும்: 'மாப்பிள்ளை வீடு', 'பெண் வீடு'. எதைத் தொடுகிறீர்களோ அந்த வீடு மேலே விரியும், தாய்மாமன் முதல் வரியில். அப்பாவிடம் நீட்டினேன். யோசிக்காமல் 'பெண் வீடு' என்பதைத் தொட்டார், தன் பெயரைப் பார்த்தார், "இப்பத்தான் சரியா இருக்குது" என்று போனைத் திருப்பித் தந்தார். இன்னொரு பட்டன் இருப்பதையே அவர் பார்க்கவில்லை.

மிச்சம் இருப்பது மாமாவின் போன். அதில் சேமித்திருக்கும் பழைய பக்கத்தை அழிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22

வீட்டில் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு உடுமலை பஸ் ஏறினேன். போன் மெதுவாக ஓடுகிறது என்று மாமா புலம்பினாராம், கடைக்கு எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் பூபதி. வேலையை நானே செய்தால்தான் நிம்மதி என்று போனேன். அந்த மேஜையையும் பார்க்க வேண்டும். மேஜையை மட்டும்தான்.

போட்டோவில் இருந்ததைவிட நிறையப் போன்கள். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். காபி வந்தது, குடிக்கும் முன்னால் வாசலில் மாமாவின் வண்டிச் சத்தம். முகூர்த்தத்துக்கு முன்னால் கல்யாணப் பெண் மாப்பிள்ளை கடையில் உட்கார்ந்திருந்தால் அது இன்னொரு சண்டை. மேஜைக்கு அடியில் சார்ஜர் டப்பாக்களுக்கு நடுவில் புகுந்துவிட்டேன்.

"குடுங்க மாமா, உள்ள டெக்னீசியன் இருக்காரு, பாக்கட்டும்" என்று பூபதி போனைக் கீழே நீட்டினார். வாங்கினேன். பிரவுசர் சேமித்ததையெல்லாம் அழித்தேன், பக்கத்தைப் புதிதாகத் திறந்தேன், 'மாப்பிள்ளை வீடு' என்பதைத் தொட்டேன், மேலே நீட்டினேன்.

அப்புறம் மாமா எழுத்துக் கூட்டி வாசிப்பது கேட்டது. "தாய்மாமன்... திருமூர்த்தி... மொத வரியில வந்துருச்சே!"

"அப்பவே சொன்னனே மாமா, போன் கோளாறுன்னு."

"டெக்னீசியன் கெட்டிக்காரருதான்" என்றார் மாமா. "வாசல்ல கெடக்கற செருப்பும் அழகாத்தான் இருக்குது, முத்து வெச்சது. அம்மணி, முட்டி வலிக்கும், எந்திரிச்சு வா."

தலையில் ஒட்டடையோடு எழுந்தேன். பூபதி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணம் இங்கேயே நின்றது என்று நினைத்தேன். "என்ர பேருக்காக வூட்டுக்கு வரப்போற மருமக தரையில உக்காந்திருக்கறா" என்றார். துண்டால் என் தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டார். "என்ர அக்கா வூட்ல எனக்கு இவ்வளவு மரியாதை யாரும் குடுத்ததில்ல சாமி."

பட்டனுக்குள் அவரை அடைத்தவள் நான்தான் என்று வாய் வரை வந்தது. பூபதி என் காலை மிதித்தார்.

மாமா எனக்குச் சூடாக வேறு காபி வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது.

செப்டம்பர் 4

கல்யாணம் நடந்தது. இலை நேராகத்தான் போட்டிருந்தார்கள், நானே போய்ப் பார்த்தேன்.

செப்டம்பர் 8

உடுமலையில் எழுதும் முதல் குறிப்பு. காலையில் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன், அவர் சாம்பார் தூள் அரைக்கக் கொடுக்கப் போயிருந்தார். மேஜை டிராயரில் ஒரு பழைய போன், சிம் கழற்றியது, சார்ஜ் மட்டும் முழுசாக. திறந்தால் என் பழைய பக்கம். கோகிலவாணி மேலே. பூபதி கீழே. திருமூர்த்தி மாமா பட்டனுக்குள்.

வந்ததும் கேட்டேன், "இதை ஏனுங்க அழிக்கலை?"

"மொத நாள் தெறந்ததுங்க. நெட் போட்டா மாறிருமுன்னு சிம்மைக் கழட்டிட்டேன்."

"உங்க பேரு கீழ கெடக்குதே."

"அதுதான் சரியா வந்த பக்கமுங்க. வூட்லயும் அப்படித்தான இருக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு, அடி விழும் முன்னால் பின்பக்கம் ஓடிவிட்டார்.

ஒன்றரை மாசமாகச் சுற்றி வளைத்து எழுதியது போதும். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அந்த மேஜை போட்டோ வந்த அன்றைக்கே பிடித்துவிட்டது.

போனை மறுபடி பார்த்தேன். பிள்ளையார் இன்னும் அப்பா பெயர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். சரி செய்யக் கை பரபரத்தது. சார்ஜரை மட்டும் செருகிவிட்டு, டிராயரை மூடினேன்.